பிலோமினா வீட்டுக்குக் கீழே ஒரு மலை

டாக்டரம்மாவுக்கு,

போன மாதம் அடுக்களை அலமாரியைத் துடைத்தேன். மேல் தட்டில் மிளகாய்த்தூள் டப்பாவுக்கும் புளிச்சாடிக்கும் கீழே விரித்திருந்த தாள்கள் எண்ணெய் குடித்துப் பழுத்துப்போய்த் தட்டோடு ஒட்டிக்கொண்டிருந்தன. உரித்து எடுத்துக் குப்பையில் போடப் போனேன். அடிப்பக்கம் அச்செழுத்து தெரிந்தது. இப்போதெல்லாம் எங்கே எழுத்தைப் பார்த்தாலும் என்னால் சும்மா விட முடிவதில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டேன்.

உங்களுக்குத் தெரியாத செய்தி இது. எனக்குப் படிக்க வந்துவிட்டது. நீங்கள் போன மறு வருடம், பங்குக் கோயில் கூடத்தில் மத்தியான வகுப்பு தொடங்கினார்கள். முதல் நாள் போனவர்களில் நான்தான் கிழவன். ஒன்றரை வருடத்தில் பேருந்தின் நெற்றியில் எழுதியிருப்பதை அது நிற்பதற்குள் படிக்கும் அளவுக்கு வந்தேன். எழுபது வருடமாக நடந்த தெருக்களின் பெயர்ப் பலகைகளை ஒவ்வொன்றாக நின்று வாசித்தேன். ஒரு தெருவின் பெயரை நான் இத்தனை வருடம் தப்பாகச் சொல்லி வந்திருக்கிறேன். எனக்கே சிரிப்பு வந்தது. மருந்துச் சீட்டு, தீப்பெட்டி, கல்லறைக் கல், எதையும் விடுவதில்லை. எழுதுவதுதான் மெதுவாக வருகிறது. ஒரு நாளைக்குப் பத்து வரி. அதற்குள் விரல் வலித்துவிடும். இந்தக் கடிதத்தை நான் எழுத ஆரம்பித்து எத்தனையோ நாளாகிறது.

அந்தத் தாளை அன்றைக்கு எழுத்துக் கூட்டிப் படித்தேன். இப்படி இருந்தது.

“அன்புடையீர், உங்கள் கிணற்றின் நீர்மட்டத்தை அளக்கவும் நீரைச் சோதிக்கவும் வருகிறோம். அதற்கு முந்தைய இரண்டு நாட்கள் கிணற்றைத் தூர் வார வேண்டாம். மருந்துத் தூள் போட வேண்டாம். வெளியிலிருந்து தண்ணீர் எதையும் ஊற்ற வேண்டாம். கிணறு எப்போதும் போல் இருக்கட்டும். சந்தேகம் இருந்தால் இதைப் படித்துச் சொல்ல வரும் திரு. சவரிமுத்துவைக் கேளுங்கள்.”

கடைசி வரியை மூன்று தடவை படித்தேன். என் பெயர். அச்சில். முன்னால் ‘திரு’ போட்டு. நீங்கள் என்னிடம் இந்த நோட்டீஸ் கட்டைக் கொடுத்த நாளில் என் பெயரும் அதில் இருந்தது. அதைப் பைக்குள் வைத்துத் தெருத் தெருவாகச் சுமந்தேன். அது என் பெயர் என்று எனக்குத் தெரியவில்லை.

மில் மூடிய பிறகு வேலை தேடி உங்களிடம் வந்தபோது, “எதுவரைக்கும் படிச்சிருக்கீங்க அண்ணே?” என்று கேட்டீர்கள். “அஞ்சாவது” என்றேன். வாயில் வந்தது அதுதான். நீங்கள் அதற்கு மேல் கேட்கவில்லை. என் வேலைக்குப் படிப்பும் தேவைப்படவில்லை. இரும்பு டேப்பின் நுனியில் சுண்ணக்கட்டி தடவிக் கிணற்றுக்குள் இறக்குவேன். மேலே இழுத்ததும் எதுவரை சுண்ணாம்பு நனைந்திருக்கிறது என்று நீங்கள் பார்த்து நோட்டில் எழுதிக்கொள்வீர்கள். பாட்டிலை அதே கிணற்றுத் தண்ணீரால் மூன்று முறை அலசிவிட்டு நான்காவது முறை பிடிப்பேன். சீட்டு எழுதி ஒட்டுவது உங்கள் வேலை. பருத்திப் புடவை கட்டி, அதற்குக் கீழே ஓட்டப்பந்தய ஷூவும் போட்டுக்கொண்டு நீங்கள் வரப்பில் நடந்து வருவீர்கள். டாக்டர் என்று கேள்விப்பட்டு முழங்கால் வலிக்கு மருந்து கேட்டு வந்த பெண்களை நீங்கள் விரட்டியதே இல்லை. “நான் தண்ணிக்குத்தான் டாக்டர். உங்க கிணத்துக்கு முட்டி வலின்னா சொல்லுங்க” என்பீர்கள். அவர்கள் சிரித்துக்கொண்டே கூடவே வருவார்கள்.

நம் ஊர் மேட்டுப்பாளையத்துக்கு மேற்கே இருந்து குருசுக்குப்பம் கடற்கரை வரைக்கும் உள்ள கிணறுகளை எல்லாம் ஒரே வாரத்தில் அளக்க வேண்டும் என்று திட்டம் போட்டீர்கள். எதற்கு இவ்வளவு என்று நான் கேட்டபோது ஜீப்பின் மூக்கில் வரைபடத்தை விரித்தீர்கள். “ஒரே உயரத்துல தண்ணி நிக்கிற கிணறுங்கள ஒரு நூலால சேத்துக்கிட்டே போனா, தரைக்கடியில மேடு எது பள்ளம் எதுன்னு தெரியும். தண்ணி மேட்டுலேருந்து பள்ளத்துக்குத்தான் போவும். யாரு கழிவு யாரு கிணத்துக்குப் போவுதுன்னு நாம யாரையும் கேக்க வேணாம் அண்ணே. தண்ணியவே கேக்கலாம்.”

பிலோமினாவின் தெருவைத்தான் நீங்கள் முக்கியமாகக் கேட்க வேண்டியிருந்தது. தொழிற்பேட்டைக்குக் கிழக்கே இருந்தது அது. தெருவில் பாதிக் கிணறுகளில் தண்ணீர் கெட்டுவிட்டதாகப் பேச்சு. ஆளுக்கு ஒரு ஆலையைக் கைகாட்டினார்கள். பிலோமினா வீட்டுக் கிணறு மட்டும் இன்னும் இனிக்கிறது என்று தெருவே அங்கே குடத்தோடு நின்றது. அந்த வீட்டில் பிரசவத்துக்கு வந்த மகளும், மூன்று மாதப் பேத்தியும் இருந்தார்கள். தாய்ப்பால் போதாமல் குழந்தைக்கு டின் பால். எதற்கு வம்பு என்று பிலோமினா பால் கரைக்க மட்டும் கேன் தண்ணீர் வாங்கினாள். “டாக்டரம்மா நல்ல தண்ணின்னு சொல்லட்டும். அப்புறம் நம்ம கிணத்துல கலக்குறேன்” என்று உங்களிடமே சொன்னாள்.

நோட்டீஸ் கட்டோடு நான் அந்தத் தெருவுக்குப் போனது அளவெடுக்கும் நாளுக்கு இரண்டு நாள் முன்பு. முதல் வீட்டில் தாளை நீட்டினேன். அந்த வீட்டு அம்மாள் கை ஈரமாக இருந்தது. “நீங்களே படிச்சுச் சொல்லுங்க சார்” என்றாள். கண்ணாடி கொண்டு வரவில்லை என்றேன். தாளை மடித்துப் பைக்குள் வைத்தேன். அதற்குப் பிறகு எந்த வீட்டிலும் பையைத் திறக்கவில்லை. மற்ற வீட்டுக்காரர்களும் கேட்டால் என்ன செய்வது? எனக்குத் தெரிந்த மாதிரி நானே சொன்னேன். “நாளான்னிக்கு டாக்டரம்மா கிணறு பாக்க வராங்க. நல்லா வச்சிருங்க.”

“என்னா முசியே, பொண்ணு பாக்க வர்ற மாதிரி சொல்றீங்க?” என்றாள் பிலோமினா. கால்சட்டையும் பையுமாக நான் போனதிலிருந்து அவள் எனக்கு வைத்த பெயர் அது, பிரெஞ்சுக்காரன் காலத்து ‘ஐயா’. நானும் சிரித்தேன். “அப்படித்தான்னு வச்சிக்கயேன்.”

நீங்கள் அளந்த காலையில் அந்தத் தெருவே கோலம் போட்டு வைத்திருந்தது நினைவிருக்கிறதா? பிலோமினா வீட்டுக் கிணற்றடி கழுவித் துடைத்திருந்தது. கோடைக் காலத்தில் அந்தக் கிணற்றில் தண்ணீர் அத்தனை மேலே நின்றது. நீங்கள் டேப்பைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினீர்கள். “உங்க கிணத்துக்கு நல்ல ஊத்து” என்றீர்கள். அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! உங்களுக்குக் கொடுத்த காப்பியில் அவள் இரண்டு கரண்டி சர்க்கரை கூடப் போட்டாள். நான்கு நாளில் சோதனை முடிந்தது. கிணற்றில் கெடுதல் ஒன்றுமில்லை என்று நீங்களே போய்ச் சொன்னீர்கள். அன்றோடு பிலோமினா கேன் தண்ணீரை நிறுத்தினாள்.

பிறகு பத்துப் பன்னிரண்டு நாள் நீங்கள் சரியாகச் சாப்பிடவில்லை. வரைபடத்தின் முன்னால் நின்றுகொண்டே இருந்தீர்கள். ஒரு மத்தியானம் என்னைக் கூப்பிட்டீர்கள். “இங்க பாருங்க அண்ணே. எல்லாக் கோடும் ஒழுங்கா கடல் பக்கம் எறங்குது. இந்த ஒரு தெருவுல மட்டும் தண்ணி மேட்டப் பாத்து ஏறுது. பிலோமினாம்மா வீட்டுக்குக் கீழ ஒரு மலை மொளச்சிருக்கு.”

“தண்ணியில மலையாம்மா?”

“அதான் எனக்கும் புரியல. வாங்க, போய்ப் பாத்துட்டு வந்துடலாம்.”

அந்த முறை யாருக்கும் சொல்லாமல் போனோம். டேப்பை இறக்கினேன். இறங்கிக்கொண்டே இருந்தது. முன்பு பார்த்ததைவிட ஓர் ஆள் உயரத்துக்குக் கீழே போய்த்தான் நனைந்தது. நீங்கள் மறுபடியும் இறக்கச் சொன்னீர்கள். அதே அளவுதான்.

“அன்னைக்கு மேல இருந்துதே பிலோமினாம்மா. என்னா ஆச்சு?”

அவள் தயங்கவே இல்லை. பெருமையாகத்தான் சொன்னாள். “வெயில் காலம்ல, தண்ணி அடியில கெடந்துது. நீங்க வர்ற நேரம் பாத்து வெறுங்கிணறா இருந்தா நல்லாவா இருக்கும்? மொத நாளு குழாய்ல தண்ணி விட்டதும் டியூப்ப இதுக்குள்ள விட்டுட்டோம். தெருவுல எல்லாப் பொம்பளைங்களும் ஆளுக்கு அஞ்சு கொடம் ஊத்துனாங்க. மறுநாள் விடியக்காலையிலயும் ஊத்துனோம். பின்ன, நம்ம தெரு மானம் இல்லியா?”

உங்கள் கையில் இருந்த பென்சில் கிணற்றுக்குள் விழுந்தது. நீங்கள் அளந்தது நகராட்சிக் குழாயின் தண்ணீரை. நல்ல தண்ணீர் என்று சொன்னதும் அதைத்தான். நீங்கள் கேட்ட அடுத்த கேள்வி, “பாப்பாவுக்கு எந்தத் தண்ணி?” என்பது.

“நீங்க சொன்னதுலேருந்து இதான். நல்லா கொதிக்க வச்சுத்தான் குடுக்குறேன்.”

நீங்கள் ஷூவோடு வீட்டுக்குள் ஓடினீர்கள். அந்த வீட்டு மாதா படத்தைத் தாண்டி, தொட்டிலில் கிடந்த குழந்தையைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினீர்கள். உதடும் நகமும் சாம்பல் கலந்த நீலமாக இருந்தன. “சளி புடிச்சிருக்கு, அதான்” என்றாள் மகள். “சளி இல்ல. ஜீப்புல ஏறுங்க” என்றீர்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் பிலோமினாவின் செபமாலை நகரும் சத்தம் மட்டும் கேட்டது.

குழந்தை பிழைத்தது. இந்த வரியை எழுதும்போது இப்போதும் ஒரு மூச்சு விட்டுக்கொள்கிறேன். கிணற்றுத் தண்ணீரில் நைட்ரேட் என்ற உப்பு இருந்தது. பெரியவர்களுக்கு உடனே ஒன்றும் தெரியாது, கைக்குழந்தையின் இரத்தத்தை அது காற்றைச் சுமக்க விடாது, கொதிக்க வைத்தால் போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறிவாகத்தான் ஆகும் என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நீங்கள் எனக்குச் சொன்னீர்கள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டீர்கள்.

“சவரி அண்ணே, நோட்டீஸ அவங்களுக்குப் படிச்சுக் காட்டுனீங்கல்ல?”

“படிச்சேம்மா. அவங்க காதுல வாங்கல.”

இதைத்தான் சொன்னேன். முதல் பாதி என்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்ன பொய். இரண்டாவது பாதியை எதற்குச் சொன்னேன் என்று இன்று வரை எனக்குப் புரியவில்லை. நீங்கள் நோட்டை எடுத்து, நின்றபடியே அதை எழுதிக்கொண்டீர்கள்.

மறுநாள் தெருவில் எல்லோரையும் கூட்டி, அந்தக் கிணற்றை யாரும் குடிக்கத் தொடக் கூடாது என்றீர்கள். கோபத்தை அடக்கிக்கொண்டுதான் பேசினீர்கள். “படிச்சுக் காட்டியும் இப்படிப் பண்ணிட்டீங்களே” என்று ஒரே ஒரு வார்த்தை வந்துவிட்டது. பிலோமினா என்னைப் பார்த்தாள். நான் பாட்டில் பெட்டியின் கொக்கியைச் சரிசெய்துகொண்டிருந்தேன். அவள் வாயாடி. எதிர்த்துக் கேட்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் கேட்கவில்லை. “சொல்லியிருப்பாரு. பாப்பா கத்துற கத்துல எனக்குத்தான் காதுல உழாம போயிருக்கும்” என்றாள். அவள் அதை நம்பித்தான் சொன்னாள்.

அதன் பிறகு ஒரு வருடம் அளந்தோம். எல்லாக் கிணற்றையும் இரண்டு தடவை. ஒரு தடவை பார்த்ததை வைத்து நீங்கள் யாருக்கும் நல்ல சேதி சொல்வதையே விட்டுவிட்டீர்கள். மலையை எடுத்துவிட்டு வரைந்ததும் கோடுகள் ஒழுங்காயின. தண்ணீர் வந்த வழியே பின்னோக்கிப் பிடித்துக்கொண்டு போனால், தெருவே கைகாட்டிய ஆலைகளுக்கு அந்தக் கோடுகள் போகவில்லை. மேற்கே, நம் வீட்டுக் கழிவறைத் தொட்டிகளை உறிஞ்சி எடுத்து வரும் லாரிகள் வருடக்கணக்காகக் கொட்டி வந்த ஒரு பழைய பள்ளத்துக்குத்தான் போயின. “நம்மளுதுதான் நம்மகிட்டயே நடந்து வருது” என்றீர்கள். பள்ளத்தை மூடச் செய்ய நீங்கள் ஏறி இறங்கிய படிகள் எனக்குத் தெரியும். மூடிவிட்டார்கள். ஆனாலும் கிணறு சரியாகவில்லையே என்று நான் கேட்டதற்கு, “கொட்டுறத நிறுத்திட்டாங்க. ஏற்கெனவே கெளம்புனது வழியில இருக்குல்ல? ஒரு நாளைக்கு ஒரு சாண் ரெண்டு சாண் போனா பெருசு. தண்ணிக்கு அவசரமில்ல அண்ணே” என்றீர்கள்.

ஒரு நாள் உங்களிடம் சொல்லிவிடத்தான் இருந்தேன். குருசுக்குப்பத்தில் கடைசிக் கிணற்றை அளந்து முடித்துவிட்டுப் படகின் நிழலில் உட்கார்ந்திருந்தோம். வலை உலர்த்திக்கொண்டிருந்தார்கள். மேற்கே இருந்து வந்த நல்ல தண்ணீர் இந்த மணலுக்கு அடியில் புகுந்து கடலுக்குள் போய்விடுகிறது, நாம் அதிகமாக உறிஞ்சினால் கடல் உள்ளே வந்துவிடுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தீர்கள். பிறகு நீங்களாகவே, “அந்தப் பாப்பா இப்ப நடக்குதாம் அண்ணே” என்றீர்கள். “நோட்டீஸ நான் இன்னும் தெளிவா எழுதியிருக்கணும். தப்பு எம்மேலயும்தான்.” சொல்ல வாயைத் திறந்தேன். நீங்கள் பிஸ்கட் பொட்டலத்தை நீட்டினீர்கள். ஒன்றை எடுத்துக்கொண்டு, “நாளைக்கு எந்தப் பக்கம்மா?” என்று கேட்டேன்.

இன்னும் சில வருடம் உங்களோடு இருந்தேன். சொல்ல எத்தனையோ நாள் கிடைத்தது. நீங்கள் படுத்துவிட்டீர்கள் என்று கேள்விப்பட்டு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. உங்கள் வீட்டு வாசலில் செருப்போடு செருப்பாக நின்றுவிட்டுத் திரும்பினேன்.

ஆஸ்பத்திரியில் நான் சொன்னதை நீங்கள் எழுதிக்கொண்ட அந்த நோட்டு இப்போது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. இருந்தால் அந்த வரியை நானே அடித்து எழுதுவேன். இல்லாததால் இங்கே எழுதுகிறேன். நான் படித்துக் காட்டவில்லை. எனக்கு அன்று படிக்கத் தெரியாது. தாள்களை என் பைக்குள் மறைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து அலமாரியில் விரித்துவிட்டேன். உங்கள் நோட்டீஸ் தெளிவாகத்தான் இருந்தது டாக்டரம்மா. நேற்றுப் படிக்கக் கற்றவனுக்கே புரிகிறது.

உங்களிடம் சொல்ல முடியாது. சொல்ல முடிந்தவள் ஒருத்தி இருந்தாள். தாளைப் படித்த மறுநாளே, ஒரு வியாழக்கிழமை, அந்தத் தெருவுக்குப் போனேன். பிலோமினா முற்றத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை முழுக்க நரைத்துவிட்டது. வாய் மட்டும் அப்படியே.

“வாங்க முசியே! வழி தப்பிட்டீங்களா?”

“ஒண்ணு படிச்சுக் காட்டணும் பிலோமினாம்மா.”

“நீங்களா? படிங்க படிங்க, கீர ஆயுற வரைக்கும் நேரம் கெடக்கு.”

படித்தேன். அன்புடையீர் என்று தொடங்கி, ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்து, என் பெயர் வரைக்கும். ‘ஊற்ற வேண்டாம்’ என்ற இடத்தில் அவள் கை நின்றுவிட்டது.

“இது எப்பத்துது?”

“அப்பத்துதான்.”

“இத எங்களுக்கு நீங்க படிக்கவே இல்லியா?”

“இல்ல. எனக்கு அப்ப படிக்கத் தெரியாது. டாக்டரம்மாகிட்ட படிச்சேன்னு பொய் சொன்னேன்.”

அவள் கீரைக் காம்பு ஒன்றை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். பிறகு மெதுவாகப் பேசினாள். “எங்கையாலதான் கலக்கிக் குடுத்தேன். சொல்லியும் கேக்காம புள்ளைக்கு வெஷத்த குடுத்துட்டனேன்னு, அன்னையிலேருந்து வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம பட்டினி இருக்கேன். பச்சத்தண்ணிகூட இல்லாம, சாயங்காலம் பூசை முடியிற வரைக்கும். பதினோரு வருசம். சக்கர வந்துருக்கு, இருக்காதன்னு டாக்டரு திட்டுறாரு. எம்பொண்ணு திட்டுறா. யாரு சொல்லியும் வுடல.” என்னை நிமிர்ந்து பார்த்தாள். “அப்ப நான் இத்தினி நாளு யாருக்காக இருந்தேன்? ஒமக்காகவா?”

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் கேட்டாள்.

“நாளைக்கு என்னா கெழம?”

“வெள்ளி.”

“நாளைக்குக் காலையில நான் இட்டிலி துண்ணப் போறேன். நாலு. கெட்டிச் சட்னி வச்சி. நீங்க இருங்க பட்டினி.”

“இருக்கேன்.”

“பச்சத்தண்ணி கெடையாது.”

“சரிம்மா.”

இன்றைக்கு மூன்றாவது வெள்ளிக்கிழமை. பதினொரு மணிக்கு அவள் போன் செய்தாள். ஒவ்வொரு வாரமும் செய்கிறாள். “முசியே, ஏதாச்சும் வாயில போட்டீங்களா?” என்றாள். இல்லை என்றேன். “நான் வஞ்சிரக் கொழம்பு வச்சிருக்கேன்” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். குரலில் கோபம் இருக்கிறதா என்று காதை அழுத்திக் கேட்டேன். தெரியவில்லை. சாப்பிட்டுக்கொண்டே பேசினாள் என்பது மட்டும் தெரிந்தது.

எனக்கு எழுபத்து நான்கு முடிந்துவிட்டது. அவள் பட்டினி இருந்த பதினொரு வருடத்தையும் நான் இருந்து தீர்ப்பேனா, சொல்ல முடியாது. நாக்கு வறள்கிறது. எழுத்து கொஞ்சம் கோணிக்கொண்டு போகிறது. பூசை மணி அடிக்க இன்னும் நான்கு மணி நேரம் இருக்கிறது, டாக்டரம்மா.

சவரிமுத்து